அங்கே தெரிகிறதா என்று கேட்டவர்

செய்தி எனக்கு ஒரு புகாராகத்தான் வந்தது. சன்னதித் தெருவில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் காலையில் போன் செய்தார். "மேடம், எங்க சைட்டு ஓப்பன் ஆக மாட்டேங்குது. சாருக்கு அடிச்சிக்கினே இருக்கிறேன், எடுக்க மாட்டேங்கிறாரு."

அப்பாண்டை சார் போனை எடுக்காமல் விடுகிறவர் அல்லர். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு வந்து எடுப்பார் என்று அவர் வீட்டில் கேலி செய்வார்கள். நான் அவருடைய எண்ணுக்கு அழைத்தேன். அவர் மனைவி ஜெயமாலா எடுத்தார். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது.

"உமா, அவரு போயிட்டாருங்க."

"எங்க?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குப் பின்னால் யாரோ அழும் குரல் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. போளூர் பக்கம் அவருடைய கிராமத்து ஜைனக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கி, தலை சுற்றுகிறது என்று நிறுத்தத்திலேயே உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை.

லாட்ஜ்காரரைத் திரும்ப அழைத்து விவரம் சொன்னேன். "சைட்டு கெடக்குது மேடம்," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

அப்பாண்டைராஜனைத் தெரிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் பெரிதாக அறிமுகம் தேவையில்லை. தேரடித் தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டு அறை கொண்ட, இணையதளம் செய்துதரும் எங்கள் அலுவலகத்துக்கு வராத லாட்ஜ்காரர்களும் டிராவல்ஸ்காரர்களும் குறைவு. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, அந்த ஊர் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தவர். இணையதளத்துக்கு வேண்டிய வாசகங்களை நான் எழுதுவேன். இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்பது அவர் பொறுப்பு. ஊரில் பழைய கடைக்காரர்கள், ஜைனர்களை அழைக்கும் வழக்கப்படி, அவரை நயினார் என்றுதான் அழைத்தார்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவது ஜைனர்களின் வழக்கம். ஒருமுறை ஓட்டல் திறப்பு விழா விருந்துக்கு இரவில் எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். மாலை ஐந்தரைக்கே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர், விருந்து முடியும்வரை காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பரிமாற வந்த பையனிடம், "எனக்கு இலை மட்டும் போதும்பா, பசியில்ல, பந்தி வேணும்," என்றார்.

அவருடைய இன்னொரு பழக்கமும் உங்களுக்குத் தெரியும். எந்த வேலையை முடித்தாலும் உடனே தொலைபேசியை எடுத்து, வேலூரில் ஒருவர், விழுப்புரத்தில் ஒருவர், பெங்களூரில் ஒருவர் என்று அழைத்து, "அங்க தெரியுதா?" என்று கேட்பார். எங்கள் திரையில் எல்லாம் சரியாக இருக்கும். அவருக்கு அது போதாது. எல்லா இடத்திலிருந்தும் பதில் வரும்வரை வாடிக்கையாளரிடம் "முடிஞ்சுது" என்று சொல்லமாட்டார். "அங்க தெரியுதா சார்" என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு அது தெரியும். கோபித்ததில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து ஜெயமாலா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வரச்சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினார். பிறகு தலையைக் குனிந்தபடி, "உமா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எந்த ஊருக்குப் போனாலும் இவரு அரை மணி நேரம் காணாமப் போயிடுவாரு. கல்யாணத்துக்குப் போனா மண்டபத்துல இருக்க மாட்டாரு. கேட்டா, சின்ன வேலைனு சொல்லுவாரு. முகமே மாறியிருக்கும். வேற யாராவது…" என்றார்.

அப்பாண்டை சார் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். ஜெயமாலாவிடம் அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். இதில் வரும் பெண்ணின் பெயர், அவளுடைய ஊர், அந்தத் தங்கும் விடுதியை நடத்திய அம்மாளின் பெயர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அப்பாண்டை சார் உயிரோடு இருந்து இதைப் படித்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான ஆண்டுகள் அவை. ஊரில் தெருவுக்கு ஒரு பிரௌசிங் சென்டர் முளைத்திருந்தது. அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டி, விஜயாம்மா என்பவர் தன் வீட்டின் பின்பகுதியில் சில அறைகள் கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவருக்கு நாங்கள் ஓர் இணையதளம் செய்துகொடுத்தோம். அறைகள், தோட்டம், மாடியிலிருந்து தெரியும் மலை என்று படங்கள். அவற்றோடு ஒரு சமையலறைப் படமும் இருந்தது. இட்லிப் பானையின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆவிக்கு நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். படம் அவ்வளவு நன்றாக வந்திருந்ததால் அதை முதல் பக்கத்திலேயே வைத்தோம். அவள்தான் தேவகி. தூக்கிய கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு பழைய தீக்காயம் தெரியும். சமையல் வேலை செய்பவர்களுக்கு இருப்பதுதானே என்று நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு நாள் விஜயாம்மா தேவகியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். தேவகி உட்காரவில்லை.

"சார், இதுல நான் இருக்கிறேன்னு தங்க வந்தவங்க சொன்னாங்க."

"ஆமாம்மா. போட்டோ நல்லா வந்திருக்குது," என்றார் அப்பாண்டை சார்.

"எடுத்துடுங்க சார்."

விஜயாம்மா குறுக்கிட்டார். "அவளுக்கு வேணாமாம் சார். கேக்காம குடுத்தது என்னுது தப்பு. எடுத்துடுங்க."

"இத யாரெல்லாம் பாப்பாங்க சார்?" என்று தேவகி கேட்டாள்.

"யாரு வேணா பாக்கலாம்மா."

"தருமபுரியில இருக்கிறவங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கையையும் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. உடனே உட்கார்ந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டார். திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் திரையின் கண்ணாடியில் விரல் படாமல் அந்த இடத்தைச் சுற்றிக் காட்டி, "இங்கதான இருந்தேன்?" என்று கேட்டாள்.

"அங்கதான் இருந்தீங்க. போயிடுச்சும்மா. நிம்மதியாப் போங்க."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அது அடுப்பில் பட்ட காயம் இல்லை, அவளுடைய கணவன் வீட்டில் நடந்தது என்று விஜயாம்மா படிக்கட்டில் நின்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். ஓர் இணையதளத்தின் பக்கங்கள் எங்கோ ஓர் ஊரில், ஒரு நிறுவனத்தின் சர்வர் என்ற கணினியில் இருக்கும். எங்கள் பக்கங்களை அதுவரை சென்னையில் ஒரு நிறுவனம் வைத்திருந்தது. பௌர்ணமி நெருங்கி, அறை கேட்டு ஆட்கள் வரும் நேரம் பார்த்து அது படுத்துக்கொள்ளும். பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு அந்த வாரம்தான் மாற்றியிருந்தோம். மாற்றினால் இணையதளத்தின் பெயர் மாறாது, அது இருக்கும் இடம் மாறும். புதிய இடம் எது என்ற தகவல் ஒவ்வொரு ஊரிலும் இணைய இணைப்புத் தருகிறவர்களின் கணினிகளுக்குப் போய்ச் சேரவேண்டும். சில இடங்களில் அன்றே சேர்ந்துவிடும். சில இடங்களில் நாள் கணக்கில் ஆகும். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் அதே பெயரைத் தட்டினால், பழைய இடத்தில் பழைய பக்கமே திறக்கும். அப்பாண்டை சார் தேவகியின் படத்தை நீக்கியது புதிய இடத்தில்.

அந்த வாரம் முடிவதற்குள் விஜயாம்மா போன் செய்தார். யாரோ ஒருவர் விடுதிக்கு அழைத்து, அறை வாடகை விசாரித்துவிட்டு, "உங்க சமையல்கார அம்மா பேரு இன்னா?" என்று கேட்டாராம். விஜயாம்மா பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாராம். நாங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். குத்துவிளக்குதான் இருந்தது. கீழே தெருவிலிருந்த பிரௌசிங் சென்டரில் போய்ப் பார்த்தோம். அங்கும் குத்துவிளக்குதான்.

"படம்தான் போயிட்டுதே சார். முன்னாடியே பாத்திருப்பாங்க," என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தருமபுரியில் எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. மறுநாள் காலை முதல் வேலையாகச் செங்கம் வழியாகத் தருமபுரி போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். உச்சிவேளையில் அங்கிருந்து போன் வந்தது.

"மேடம், இங்க இருக்காங்க."

"யாரு சார்?"

"தேவகி. சிரிச்சிக்கினு இருக்காங்க." போனில் பஸ் ஹாரன் கேட்டது. "அடுத்தடுத்து மூணு சென்டர்ல பாத்துட்டேன். எல்லாத்துலயும் இருக்காங்க."

இத்தனை ஆண்டுகள் கழித்தும் மத்தியான வேளையில் தொலைபேசி அடித்தால் எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் அலுவலகத்தில் இல்லாத ஒருத்தி, பஸ் போகும் தூரத்தில் ஒரு கடையில், முன்பின் தெரியாத எவர் வந்து உட்கார்ந்தாலும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னபடி நான் சென்னை நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண், எங்கள் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது என்றாள். "முடிச்சது சரிங்க. பக்கம் இன்னும் தெரியுது. அத அழிச்சிடுங்க," என்றேன். "நீங்க இப்ப எங்க கஸ்டமர் இல்லயே மேடம். அது தானாப் போயிடும்," என்றாள். எப்போது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். கணக்கை முடித்தபோதே எங்கள் கடவுச்சொல்லையும் பறித்துவிட்டார்கள். ஆகவே நாங்களாக உள்ளே போய் அழிக்கவும் வழியில்லை. அப்பாண்டை சாரும் தருமபுரியிலிருந்து பேசிப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான்.

அவர் திரும்பி வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. நேரே அடி அண்ணாமலைக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றார். ஆட்டோவில் போகும்போது நான் ஒரு யோசனை சொன்னேன். தேவகியிடம் சொல்லவேண்டாம், விஜயாம்மாவிடம் மட்டும் சொல்லி எச்சரிக்கையாக இருக்கச் சொல்வோம், அந்தப் பெண் பயந்துவிடுவாள் என்றேன்.

"பயப்பட வேண்டியவங்க அவங்கதான் மேடம். அவங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?" என்றார்.

மறுநாள் பௌர்ணமி. அன்றைக்கே மலை சுற்றுகிறவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். விடுதியின் பின்கட்டில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவர் தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்கதான சார் போயிடுச்சுனு காட்டினீங்க?" என்றாள் அவள்.

"காட்டினேம்மா. எங்க எடத்துல போச்சு. அவங்க எடத்துல போகல."

"எனக்குப் புரியல சார்."

"வீடு மாறினோம்னு வெச்சிக்கோங்க. புது வீட்ல உங்க போட்டோ இல்ல. பழைய வீட்டுச் சுவத்துல மாட்டினது அப்படியே இருக்குது. பழைய விலாசம் வெச்சிருக்கிறவங்க அங்கதான் போய் நிக்கிறாங்க. சாவி எங்கிட்ட இல்லம்மா."

அவள் அழவில்லை. "நேத்து போன் பண்ணினது எங்க வீட்டுக்காரரோட அண்ணனாத்தான் இருக்கும். தேடாம விடமாட்டாரு," என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ஒரு துணிப்பையோடு வந்தாள். விஜயாம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லி அழுதார். தேவகி அப்பாண்டை சாரிடம் வந்து, "சார், நான் எங்க போறேன்னா," என்று ஆரம்பித்தாள்.

அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். "சொல்லாதீங்கம்மா. வந்து கேட்டாங்கன்னா எனக்குப் பொய் சொல்ல வராது. தெரியாதது இருந்தா தெரியாதுனு சொல்லிடலாம்."

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க சார்," என்றாள்.

அவர் எங்களையும் சாலைக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார். எந்தப் பக்கம் போனாள், எதில் ஏறினாள் என்பது யாருக்கும் தெரியக்கூடாது. நாங்கள் மூவரும் விடுதியின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பின்னால் சாலையில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. வெறும் பாதங்கள் தேயும் ஓசை, அரோகரா சத்தம், சுண்டல் விற்பவனின் குரல், பஸ்ஸின் ஹாரன். அதற்குள் எங்கோ அவளும் போய்க்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. திரும்பியபோது ஆயிரம் முகங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் அவளுடையது இல்லை.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். முதலில் விடுதிக்குப் போய், பிறகு எங்கள் அலுவலகத்துக்கு. கணவனின் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் மரியாதையான தோற்றத்தோடு இருந்தார். கூட ஓர் ஆள். அண்ணன் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை மேசைமேல் விரித்தார். எங்கள் பக்கத்தை அச்செடுத்திருந்தார்கள். தேவகி கறுப்பு வெள்ளையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ போட்டிருக்கிறது உங்க ஆபீஸ் பேருதான?"

"ஆமாங்க," என்றார் அப்பாண்டை சார்.

"இது எங்க வீட்டுப் பொண்ணு. எங்க இருக்குது?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாமத்தான் போட்டோ போட்டீங்களா?"

"அப்ப தெரியும். இப்ப தெரியாது."

"தொறந்து காட்டுங்க."

அப்பாண்டை சார் பக்கத்தைத் திறந்தார். குத்துவிளக்கு வந்தது. அந்த மனிதர் திரையையும் மேசைமேலிருந்த காகிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் போய் ஒரு கணம் வேறொன்று வந்தது. அதைப் பயம் என்றுதான் சொல்வேன்.

"நேத்து சாயந்தரம்கூடப் பாத்தேனே. எப்ப எடுத்தீங்க?"

"போன வாரம்."

"பொய் சொல்றியா? நேத்து பாத்தேன்றேன்."

"நீங்க பாத்ததும் நெசம். நான் எடுத்ததும் நெசம்."

அந்த மனிதர் எட்டி அவருடைய சட்டையைப் பிடித்தார். நான் எழுந்து கத்தினேன். பாத்திரக் கடையிலிருந்து ஆட்கள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் பிடியை விட்டார். "அவ எங்க போனாலும் கெடைப்பா," என்று சொல்லிவிட்டு, காகிதத்தைக் கவனமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அப்பாண்டை சார் சட்டைப் பொத்தானைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அன்று பொழுது சாய்ந்த பிறகும் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது.

சில நாள் கழித்து மறுபடியும் தருமபுரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கும் குத்துவிளக்கு வந்துவிட்டது. இதோடு அவர் ஆறுவார் என்று நினைத்தேன். அவர் ஆறவில்லை. இங்கே இல்லை, அங்கே இல்லை, ஆனால் தான் பார்க்காத ஓர் ஊரில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சேலம், கடலூர், திருச்சி என்று எந்த ஊருக்கு எந்தக் காரியமாகப் போனாலும் முதலில் ஒரு பிரௌசிங் சென்டரைத் தேடுவார். போய் உட்கார்ந்து விஜயாம்மாவின் இணையதளப் பெயரைத் தட்டுவார். விஜயாம்மா விடுதியை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். அந்த இணையதளத்தின் பெயரே காலாவதியாகிவிட்டது. அப்போதும் தட்டிப் பார்த்தார்.

கடலூரில் ஒருமுறை நானும் கூட இருந்தேன். பெயரைத் தட்டிவிட்டு, பக்கம் வருவதற்காகக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நிற்பவர்களிடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். பக்கம் இல்லை என்று திரையில் வந்தது. "இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். தெருவுக்கு வந்ததும் கேட்டே விட்டேன்.

"எதுக்கு சார் இன்னும்? இத்தன வருஷம் கழிச்சி அது எங்கயும் இருக்க முடியாதுனு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்," என்றார். "அன்னிக்கும் எனக்கு எல்லாம் தெரியும். எடம் மாறினா நாளாகும்னு தெரியாதவனா நானு? தெரிஞ்சவன்தான் அந்தம்மாகிட்ட போயிடுச்சு, நிம்மதியாப் போங்கனு சொன்னேன்."

நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு நாள் செய்தித்தாளில் ஒரு சிறு செய்தி வந்தது. வேறு மாவட்டத்தில், அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் உடல், கையில் தீக்காயத் தழும்பு. அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அவர் கிளம்பிப் போனார். அந்த ஊரின் அரசு மருத்துவமனையில் அனுமதி வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் மதியம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்க இல்ல மேடம்."

நான் கும்பிட்டேன். அவர் முகத்தில் சந்தோஷம் வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது. "வேற யாரோ ஒருத்தங்க," என்றார். "அவங்களையும் யாராவது தேடிக்கினு இருப்பாங்க இல்ல?" அதன்பிறகு அன்று அவர் வேலை பார்க்கவில்லை.

அந்த நாட்களுக்குப் பிறகுதான் அவர் "அங்க தெரியுதா?" என்று கேட்க ஆரம்பித்தார். மனிதர்களின் முகம் வரும் படம் எதையும், அந்த மனிதரே நேரில் வந்து சரி என்று சொல்லாமல் அவர் போட்டதில்லை. அதற்காகச் சில வாடிக்கையாளர்கள் எங்களை விட்டுப் போனார்கள். அப்படிப் போன உங்களில் சிலர் இரங்கலுக்கு வந்திருந்தீர்கள். அவர் பிடிவாதக்காரர் என்று அன்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. பிடிவாதம்தான், மறுக்கவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது ஜெயமாலா அழுதுகொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"தெரியாதுங்க."

"அவருக்காவது தெரியுமா?"

"அவருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுனு அவர்தான் சொன்னாரு."

"தெரிஞ்சிருந்தா தூங்கியிருப்பாரு," என்றார் ஜெயமாலா. பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்றார். ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் புரியவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவருக்குக்கூடத் தெரியாமல் இருப்பதே அவளுக்குக் காவல் என்று நினைத்திருக்கலாம்.

நான் புறப்பட்டபோது ஜெயமாலா வாசல்வரை வந்தார். "அவளுக்கு இப்ப இன்னா வயசு இருக்கும் உமா?" என்று கேட்டார். நாற்பதை நெருங்கியிருப்பாள் என்றேன். "சாப்பாட்டுக் கடையில எங்கனா இருப்பா. கைமணம் இருக்கிறவ எங்க போனாலும் பொழச்சிக்குவா," என்றார், தெரிந்த பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

அவருடைய வாடிக்கையாளர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். லாட்ஜ்காரரின் பக்கம், அந்தச் செய்தி வந்த அன்று மாலையே சரியாகிவிட்டது. கம்ப்யூட்டர், மேசை, அவர் சேர்த்து வைத்த வேலைகள் எல்லாம் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றில் நான் என்னுடையதாக வைத்துக்கொள்ளப்போவது ஒன்றைத்தான். பதில் கிடைக்காது என்று தெரிந்தும் அவர் கைவிடாத அந்தக் கவலை. தேவகி பத்திரமாக இருக்கிறாளா என்று நினைத்துக்கொள்ள இந்த ஊரில் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் போய்விட்டார். ஜெயமாலாவிடம் சொல்லிவிட்டதால் இப்போதும் இரண்டு பேர் இருக்கிறோம்.